டேப்போடு வா

அன்புள்ள சேகர்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று வாரமாகிவிட்டது. பாதி சோம்பல், பாதி அம்மா. முழங்கால் ஆபரேஷன் முடிந்து இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறாள். வாய் மட்டும் பழையபடி.

ஊர் ஸ்டேஷன் எப்படி மாறியிருக்கிறது என்று கேட்டிருந்தாய். 2025 மே மாதம், ரயில் நிலையங்களைப் புதுப்பிக்கும் அம்ரித் பாரத் திட்டத்தில் நாடு முழுக்க 103 ஸ்டேஷன்களைத் திறந்தார்களே, சிதம்பரம், ஸ்ரீரங்கம், மன்னார்குடி எல்லாம் அதில் வந்தன. நம் ஊர் அந்தப் பட்டியலில் இல்லை. இங்கே வேலை இன்னும் கொஞ்சம் பாக்கி. ஆனால் முகப்பு பளபளவென்று ஆகிவிட்டது.

போன மாதம் அம்மாவைச் செக்கப்புக்குச் சென்னை கூட்டிப்போனேன். ஆட்டோ வாசல் வரை வந்தது. சாய்தளம் அருமை. ஓரடி உயர பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது உனக்குத் தெரிந்த கணக்குதானே, அதைச் சரியாகவே போட்டிருக்கிறார்கள். கைப்பிடியும் உண்டு. அம்மா வாக்கரோடு தானாகவே ஏறிவிட்டாள். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

வண்டி இரண்டாம் பிளாட்பாரத்தில். லிஃப்ட் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். மேம்பாலம் தண்டவாளத்திலிருந்து ஆறு மீட்டருக்கு மேல். அதே ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கில் சாய்தளம் கட்டினால் எழுபது மீட்டரைத் தாண்டும். ஆக, லிஃப்ட்தான் பாதை. அதைப் பூட்டினால் வழியையே அடைத்த மாதிரி. சாவி வரும்வரை பதினைந்து நிமிஷம் வயிற்றில் புளியைக் கரைத்தது.

எப்படியோ போய்ச் சேர்ந்தோம். அங்கேதான் உண்மையான தடை. உயரமான பிளாட்பாரம் என்றாலும் தண்டவாள மட்டத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர்தான். பெட்டியின் தளமோ ஒண்ணேகால் மீட்டர் உயரத்தில். சரக்கு ரயிலும் அதே பாதையில் உரசாமல் போகவேண்டும் என்பதால் பிளாட்பாரத்தை இஷ்டத்துக்கு உயர்த்தவும் முடியாது. மடக்குச் சாய்தளம் ஒன்று வைத்திருந்தால் போதும், இல்லை. நானும் போர்ட்டரும் அம்மாவைத் தூக்கி ஏற்றினோம். "என்னையும் பார்சல்ல போட்டுட்டீங்க, ரசீது எங்கடா?" என்றாள். சிரித்தோம். ஆனால் அவள் முகம் சரியில்லை.

சென்னையில் மெட்ரோவில் போனோம். தெருவிலிருந்து லிஃப்ட், பிளாட்பாரமும் பெட்டியும் ஒரே மட்டம். யார் கையையும் பிடிக்காமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். பெட்டியையும் பிளாட்பாரத்தையும் சேர்த்தே யோசித்துக் கட்டினால் இப்படித்தான் இருக்கும்.

அப்புறம், எங்கள் தெருவில் பார்வையில்லாத ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரோடு ஒருநாள் ஸ்டேஷனைச் சுற்றினேன். பார்வையில்லாதவர்கள் தடவி வழி அறியத் தரையில் பதித்த மஞ்சள் ஓட்டில், மேடான கோடு இருந்தால் நட, புள்ளி இருந்தால் நில் என்று சொல்லிக்கொடுத்தார். கோட்டைப் பிடித்துப் போனால் நடுவில் ஒரு பூந்தொட்டி. கைத்தடியால் தட்டிப் பார்த்துவிட்டு, "ஓடு பதித்தவரும் தொட்டி வைத்தவரும் சந்தித்ததே இல்லை போல" என்றார்.

பயணிகள் சங்க நண்பர் ஒருவர் இந்த வேலை சரியாக நடந்ததா என்று பார்க்கும் படிவத்தைக் காட்டினார். சாய்தளம் உண்டு, லிஃப்ட் உண்டு, ஓடு உண்டு. எல்லாம் டிக். ஆட்டோவில் இறங்கியவர் தன் சீட்டில் போய் உட்கார முடிந்ததா என்று கேட்க அதில் ஒரு கட்டம்கூட இல்லை. என்னைக் கேட்டால் அந்தப் படிவத்தை அம்மாவிடம் கொடுத்து, கையில் ஒரு டிக்கெட்டும் கொடுத்து அனுப்பவேண்டும்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் வந்த அணுகல் விதி, அதாவது மாற்றுத்திறனாளிகள் தடையில்லாமல் போய்வர வழி செய்யும் விதி, வெறும் பரிந்துரை மாதிரி இருக்கிறது, கட்டாயமான தரங்கள் வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தரங்களை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் கெடுவும் கொடுத்தது. சங்கத்தின் சார்பில் எழுதும் மனுவில் அதைச் சேர்க்கப்போகிறேன்.

நீ முப்பது வருஷம் கட்டட வேலை பார்த்தவன். பொங்கலுக்கு வரும்போது டேப்பை எடுத்து வா. கழிப்பறைக் கதவு 900 மில்லிமீட்டர் அகலம் இருக்கிறதா, உள்ளே சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நானே போய் அளந்திருப்பேன். அதுவும் பூட்டிக் கிடக்கிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்