தாவர உணவும் பருவநிலையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பருவநிலை மாற்றம் பற்றிய விவாதங்கள் வாகனப் புகையோடு நின்றுவிடுவது வருத்தமளிக்கிறது. மனிதச் செயல்பாடுகளால் வெளியாகி பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பால் வருவதாக ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2013-இலேயே கணக்கிட்டது. மாட்டின் இரைப்பையில் நுண்ணுயிரிகள் தீவனத்தை நொதிக்கச் செய்யும்போது உருவாகி, பெரும்பாலும் ஏப்பமாக வெளியேறும் மீத்தேன், நூறாண்டு காலத்துக்குக் கணக்கிட்டால் அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. மேய்ச்சலுக்கும் தீவனத்துக்கும் காடுகள் அழிவது தனிக்கதை.

உடல்நலத்துக்கும் தாவர உணவு உகந்தது. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என 2015-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. நார்ச்சத்து மிகுந்த பருப்பு வகைகளும் முழுதானியங்களும் இதயத்துக்கு நல்லவை (எண்ணெயில் பொரித்த தின்பண்டங்களை நான் இதில் சேர்க்கவில்லை). பால், முட்டையையும் தவிர்ப்போர் வைட்டமின் பி12-ஐ மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ பெற வேண்டும் என்பதை மருத்துவர்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

- வாசகர் ஒருவர்