பூதக்கண்ணாடியை உள்ளே விடுங்கள்

அருங்காட்சியக நிர்வாகத்தாருக்கு வணக்கம்.

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். தமிழில் மடல் வருகிறதே என்று யோசிக்க வேண்டாம். இங்குள்ள தமிழர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. அந்தத் தைரியம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு உங்கள் பழைய பிக்டோரியல், அதாவது ஓவியம்போல் செய்த, புகைப்படக் கண்காட்சிக்கு வந்திருந்தேன். அப்பா நாற்பது வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தவர். படம் பிடிப்பதைவிட டச்சிங் வேலையில்தான் அவருக்குப் பேர். நெகடிவின் மேல் பென்சில் பிடிப்பதற்கான மீடியம் தடவி, ஊசிபோல் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போவார். பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுத்து வரும். பெண் பார்க்க அனுப்பும் படங்களில் அம்மைத் தழும்பெல்லாம் அப்படித்தான் மறைந்தது. (அந்தப் படங்களை நம்பிக் கல்யாணம் செய்தவர்கள் சிலர் இன்னும் கடைக்கு வந்துபோகிறார்கள். சண்டைக்கு இல்லை.)

அப்பேர்ப்பட்டவர் உங்கள் கூடத்தில் ஒரு படத்தின் முன்னால் நின்றார். ஏரி, மரங்கள், மேலே கலங்கலான வானம். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். "கண்ணு, இது மேகமில்ல. பிரஷ்ஷு ஓடியிருக்குது பாரு, ஈரத்துல கழுவி எடுத்திருக்கான்" என்றார். நான் பார்ப்பதற்குள் காவலாளி வந்து கையசைத்துத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை, சொன்னதைச் செய்கிறார். அப்பா ஒன்றும் பேசாமல் கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் எந்தப் படத்துக்கும் அவர் குனியவில்லை.

படத்தின் கீழே இருந்த சீட்டைப் படித்தேன். ஆங்கிலத்தில் ஒரே வரி: கம் பைக்ரோமேட் பிரிண்ட். அவ்வளவுதான். எனக்குப் பின்னால் வந்த ஒரு குடும்பம் அதைப் படித்துவிட்டு அரை நிமிடத்தில் அடுத்த அறைக்குப் போய்விட்டது. பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்?

அந்த கம் என்பது பிசின்தான் ஐயா. வேல மரத்தில் வடியுமே, அந்த வகை. பிசினைத் தண்ணீரில் கரைத்து, ஓவியர்கள் வைத்திருக்கும் வாட்டர் கலரையும் பொட்டாசியம் டைகுரோமேட் உப்பையும் (சீட்டில் இருக்கும் பைக்ரோமேட் இதுதான்) கலந்து, தாளில் பிரஷ்ஷால் பூசி இருட்டில் காயவைக்க வேண்டும். நெகடிவை அதன்மேல் வைத்து வெயிலில் காட்டினால், வெளிச்சம் பட்ட இடத்தில் பிசின் இறுகிவிடும், படாத இடம் தண்ணீரில் கரைந்து போகும். ஈரமாக இருக்கும்போதே பிரஷ்ஷால் வேண்டாததைத் தேய்த்து எடுக்கலாம், வேண்டியதை விட்டுவைக்கலாம். நெகடிவ் எவ்வளவோ படமும் அவ்வளவுதான், பெரிதாக்க முடியாது. புகைப்படம் வெறும் இயந்திர வேலை, கலையாகாது என்று சொன்னவர்களிடம் 'இதோ பார், என் கை' என்று காட்டத்தான் பாரிஸில் ராபர்ட் டெமாஷி போன்ற புகைப்படக்காரர்கள் இத்தனை பாடுபட்டார்கள். அந்தக் கையைப் பார்க்க வந்தவரைத்தான் நீங்கள் தள்ளி நிற்கச் சொன்னீர்கள்.

விளக்கு மங்கல் என்று புகார் சொல்லப்போவதில்லை. பழைய தாள் படங்களுக்கு வெளிச்சம் 50 லக்ஸ் அளவுக்கு மேல் வேண்டாம் என்பது உலகம் முழுக்க அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் கணக்கு. ஆனால் படத்தை மூடிய கண்ணாடியில் வாசல் கதவு முழுசாகத் தெரிகிறது. நான் கறுப்புச் சட்டை போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று. கதவுக்கும் படத்துக்கும் நடுவில் நான் நின்றுகொண்டால்தான் அப்பாவுக்குப் படம் தெரிந்தது. ஒரு திரை போட்டால் தீர்ந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1893இல் நியூயார்க் பனியில் எடுத்த 'தி டெர்மினல்' படத்தின் ஃபோட்டோகிராவூர் (செப்புத் தகட்டில் செதுக்கி மையால் எடுப்பது) அச்சு ஒன்று வைத்திருக்கிறீர்கள். டிராம் வண்டி, குதிரைகளின் உடம்பிலிருந்து எழும் ஆவி, முதுகைக் காட்டியபடி வண்டிக்காரன். சீட்டில் அவர் 1902இல் ஃபோட்டோ செசஷன் என்ற புகைப்படக்காரர் குழுவைத் தொடங்கியதும், 1903 முதல் 1917 வரை 'கேமரா வொர்க்' இதழை நடத்தியதும் இருக்கின்றன. சரி. அப்பா அதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "குதிரைக்குத் தண்ணி காட்டுறான்" என்றார். பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து மாடு ஓட்டி வருகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு வேறென்ன தோன்றும்? ஸ்டீக்லிட்ஸ் அன்றைக்கு நின்று பார்த்ததும் அதைத்தான். சீட்டில் அந்த ஒரு வரி இல்லை.

சீட்டை மலையாளத்திலும் தமிழிலும் எழுதுங்கள். பெயரும் வருடமும் சின்ன எழுத்தில் இருக்கட்டும், எப்படிச் செய்தது என்பது பெரிதாக இருக்கட்டும். 1890களிலேயே லண்டன் வரை பேர் வாங்கிய பம்பாய்ப் பார்சிப் புகைப்படக்காரர் ஷாப்பூர் பேத்வாருக்கும் ஒரு மூலை ஒதுக்கியிருக்கலாம். இதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை என்று எங்கள் பிள்ளைகள் நினைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

அப்புறம், வாசலருகே ஒரு மேசை. பிசின், பிரஷ், வண்ணம், பூசிக் காய்ந்த தாள் ஒன்று, கழுவி முடித்த தாள் ஒன்று. டைகுரோமேட் விஷம், அதை மட்டும் பிள்ளைகள் கைக்கு எட்டவிடாதீர்கள். அப்பாவின் டச்சிங் பெட்டியும் பென்சில்களும் எங்கள் பரணில்தான் இருக்கின்றன. கேட்டால் கொண்டுவந்து வைக்கிறோம். காசு வேண்டாம், திருப்பித் தந்தால் போதும்.

கண்காட்சி முடிவதற்குள் இன்னொரு ஞாயிறு வருவதாக இருக்கிறோம். பூதக்கண்ணாடியை அப்பா துடைத்து உறையில் போட்டு வைத்திருக்கிறார். ஒரு முழம் தள்ளி நின்றே பார்ப்பார், மூச்சுக்கூடப் படாது. காவலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
ஸ்டுடியோக்காரர் மகன்,
கொழிஞ்சாம்பாறை