தாழி நெல் மட்டும் போதாது

பொருநை (தாமிரபரணி) கரையில் அகழ்வாய்வு நடத்தும் தொல்லியல் குழுவினருக்கு,

வணக்கம். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில், இறந்தவரைப் புதைத்த தாழியில் மண்ணோடு கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். அதிலிருந்து இந்தக் கரையோர உழவுக்கு 3,200 வயது என்று எழுதாதவர் இல்லை. எங்களுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் தாழி நெல் படையல் நெல். இறந்தவருக்கு நெல் வைத்தார்கள் என்பதற்கு அது சாட்சி. எங்கே விளைந்தது, யார் அடித்துத் தூற்றினார்கள் என்பதற்கு அல்ல. அதற்கான சாட்சி வாழ்விட மேட்டின் குப்பைக்குழியிலும் அடுப்புச் சாம்பலிலும் இருக்கிறது. அந்த மண்ணைக் கொட்டுமேட்டுக்கு அனுப்புமுன் தண்ணீரில் அலசிவிடுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

ஒவ்வொரு அடுக்கிலும், ஒவ்வொரு அடுப்பிலும் குழியிலும் 20 லிட்டர் மண் எடுக்க வேண்டும். கரி கண்ணில் பட்ட இடத்தில் மட்டும் எடுத்தால் அடுக்குகளை ஒப்பிட முடியாது. எந்த இடத்து மண் என்று எழுதிய சீட்டு இரண்டு: பைக்குள் ஒன்று, வெளியே ஒன்று. மண்ணை நிழலில் மெல்ல உலர்த்துங்கள். வெயிலில் காய்ந்த கருகிய மணி, தண்ணீர் பட்டதும் வெடித்துத் தூளாகும்.

வாளிக்கு 5 லிட்டர் மண் போதும். நல்ல தண்ணீர் ஊற்றிக் கையால் மெதுவாகக் கலக்கி, சில நொடி விட்டு, மேலே மிதக்கும் கரியையும் கருகிய விதைகளையும் 0.25 மி.மீ. கண்ணுள்ள வலைத்துணியில் வடியுங்கள். மிதப்பது நிற்கும்வரை திரும்பத் திரும்ப. உவர்நீர் வேண்டாம், உலரும்போது உப்பு படிகமாகிக் கரியை உடைக்கும். களிமண் கட்டி கரையாவிட்டால் ஊற வையுங்கள், நசுக்காதீர்கள். அடியில் தங்குவதை 1 மி.மீ. சல்லடையில் அலசினால் மீன்முள்ளும் பாசிமணிகளும் வரும். மூழ்கிய பயறும் அதில்தான் இருக்கும். வடித்த கரியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்துக் காலக்கணிப்பும் கெடும்.

அலசுபவரின் கை எப்படி என்று பார்க்க ஒரு வழி உண்டு. கருக்கிய கசகசா 100 மணியை மண்ணில் கலந்துவிட்டு, எத்தனை திரும்பி வருகிறது என்று எண்ணுங்கள். பாதிதான் வந்தால் குறை மண்ணில் இல்லை.

ஏன் இவ்வளவு நுண்ணிய வலை? நெல்மணி காம்பிலிருந்து பிரியும் இடத்து வடு ஒரு மில்லிமீட்டர்கூட இராது. தானே உதிரும் காட்டு நெல்லில் அது வழவழப்பாக இருக்கும். அடித்துப் பிரித்த பயிர் நெல்லில் பிய்ந்து கிடக்கும். சீனத்தின் கிழக்குக் கரையில், தியென்லுவோஷானில், சுமார் 6,900 முதல் 6,600 ஆண்டுகளுக்கு முன்புவரை உதிரா நெல்லின் பங்கு 27 விழுக்காட்டிலிருந்து 39 ஆக ஏறியதை இந்த வடுக்களை எண்ணித்தான் கண்டார்கள். இங்கே கேள்வி வேறு. நெல் பயிராகவே தெற்கே வந்தது என்பதால், வடுவும் உமியும் கிடைத்தால் நெல் அடித்த களம் பக்கத்தில் இருந்தது என்று பொருள். கூடவே கோரை விதை வந்தால் வயலில் தண்ணீர் நின்றிருக்கும். வெறும் அரிசி மட்டும் கிடைத்தால், வெளியூரிலிருந்து குத்தி வந்ததாகவும் இருக்கலாம். கருகாத விதை கிடைத்தால் கொண்டாட வேண்டாம். பெரும்பாலும் எறும்பு போன ஆண்டு இழுத்து வந்தது.

கரிமக் காலக்கணிப்புக்கு நெல்மணியையே அனுப்புங்கள். ஒரே நெல்மணி போதும். மரக்கரி மரத்தின் வயதையும் சேர்த்துக் காட்டும். சங்கும் சிப்பியும், கடல்நீரின் பழைய கரிமத்தால், சில நூறு ஆண்டு மூத்ததாகக் காட்டும். கொற்கை போன்ற சங்கு ஊர்களில் இது பெரிய பொறி. இன்னொன்று: கி.மு. 800 முதல் 400 வரை கரிம அளவீட்டை ஆண்டாக மாற்ற உதவும் அளவுக்கோடு ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது. அந்தக் காலத்துக்கு ஒற்றை முடிவை வைத்து ஆண்டு சொல்வது கண்ணைக் கட்டிக்கொண்டு எறிவதுதான். ஒரே குழியில் மேலிருந்து கீழாக ஐந்தாறு மணிகளாவது வேண்டும்.

அலசாத மண்ணில் ஒவ்வொரு அடுக்குக்கும் 5 லிட்டர் உலர்த்திக் கிடங்கில் வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தொல்தாவரவியல் ஆய்வாளர்கள் சிலர்