படத்தின் கீழே பெயரைப் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பழைய ஹாலிவுட் குழந்தைகள் படங்களைப் பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் அதோடு போட்டிருந்த ஒரு படம் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 1971-இல் வெளியான 'வில்லி வொன்கா' படத்தின் காட்சி அது. சிறுவன் சார்லிக்குப் பக்கத்தில் நிற்கும் தாத்தாவை 'துணை நடிகர் ஒருவர்' என்று மட்டும் குறிப்பிட்டிருந்தீர்கள்.

அவர் பெயர் ஜாக் ஆல்பர்ட்சன். ஆஸ்கர், டோனி, எம்மி என்று சினிமா, நாடகம், தொலைக்காட்சி மூன்றுக்கும் உரிய பெரிய விருதுகளை வாங்கியவர். அவருக்குக் கிடைத்த ஆஸ்கரே சிறந்த துணை நடிகருக்கானதுதானே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் பெயர் இல்லாமல் 'துணை நடிகர் ஒருவர்' என்று போட்டால், நம் வாசகர்கள் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டுப் போன யாரோ என்றுதான் நினைப்பார்கள்.

அந்தத் தாத்தா கட்டிலை விட்டு எழுந்திருக்கும் காட்சியை என் பேத்தி நான்கைந்து முறை திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். நானும் கூடவே உட்கார்ந்து அவர் கால்களை மட்டும் பார்த்தேன். 20 வருஷமாகத் தரையில் கால் வைக்காத கிழவர் அவர். வொன்காவின் சாக்லேட் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க அனுமதிக்கும் தங்கச் சீட்டைப் பேரன் கொண்டுவந்ததும் போர்வையை விலக்கிவிட்டு எழப் பார்க்கிறார். முழங்கால் மடங்குகிறது, உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது, விழுந்தே விட்டார் என்று நாம் பதறுகிற நேரத்தில் சமாளித்து நிற்கிறார். கொஞ்ச நேரத்தில் அதே கால்கள் பேரனோடு ஆட்டம் போடுகின்றன. அந்தத் தள்ளாட்டத்தைக் கவனியுங்கள், அதற்குள் தாளம் இருக்கிறது. விழாமல் தள்ளாட நல்ல நடனக்காரரால்தான் முடியும். ஜெர்மனியின் மியூனிக் நகரில் அந்தப் படம் எடுக்கப்பட்டபோது ஆல்பர்ட்சனுக்கு 63 வயது.

அந்தக் கால்கள் பழகிய இடம் வாட்வில் மேடை. ஒரே டிக்கெட்டில் எட்டு, ஒன்பது நிகழ்ச்சிகளைக் காட்டும் அமெரிக்க அரங்குகள் அவை. பாட்டு, வித்தை, நாய்களின் சாகசம், ஜோடி நகைச்சுவை, காலணியால் தரையைத் தட்டி ஆடும் டாப் நடனம் எல்லாம் உண்டு. ஆளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்தான். அதற்குள் கூட்டத்தைப் பிடிக்க வேண்டும். முதல் நிகழ்ச்சியின்போது ஜனங்கள் இருக்கை தேடிக்கொண்டிருப்பார்கள் என்பதால், பேச்சே தேவைப்படாத வித்தைக்காரர்களை அங்கே போடுவார்கள். பெரிய நட்சத்திரத்துக்குக் கடைசிக்கு முந்தைய இடம். ஒரு ஊரில் முடித்துவிட்டு அடுத்த ஊருக்கு ரயில் ஏறுவார்கள். இப்படித்தான் பிழைப்பு.

1907-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மால்டன் நகரில் பிறந்த ஆல்பர்ட்சன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். நடனத்தை நம்பி நியூயார்க் வந்தவருக்குத் தங்க இடமில்லை. வெயில் காலத்தில் சென்ட்ரல் பார்க்கில் படுத்திருக்கிறார். குளிர் வந்தால் 5 சென்ட் கட்டணத்தில் சுரங்க ரயிலுக்குள் தூங்கியிருக்கிறார். அவர் தொழில் கற்றுக்கொண்டு நிமிர்ந்தபோது அந்தத் தொழிலே போய்க்கொண்டிருந்தது. பேசும் படமும் வானொலியும் வந்து, வாட்வில்லின் கோயில் மாதிரி இருந்த நியூயார்க் பேலஸ் அரங்கமே 1932-இல் சினிமா கொட்டகையாகிவிட்டது.

அப்புறம் பர்லெஸ்க் என்ற கேலிக்கூத்து மேடைகளில் நகைச்சுவை நடிகர் ஃபில் சில்வர்ஸுக்கு 'ஸ்ட்ரெய்ட் மேன்' ஆனார். நகைச்சுவை ஜோடியில் சிரிப்பு வாங்காத ஆள் அவர். கேள்வி கேட்டு அடி எடுத்துக் கொடுக்க வேண்டும், மற்றவர் பதில் சொல்லும்வரை முகத்தை மாறாமல் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், சிரிப்பு அடங்கும் நொடி பார்த்து அடுத்த கேள்வியைப் போட வேண்டும். கைத்தட்டல் எல்லாம் பக்கத்து ஆளுக்குப் போய்விடும். ஆல்பர்ட்சனின் உண்மையான பள்ளிக்கூடம் இதுதான் என்பது என் எண்ணம்.

1947-இல் வந்த 'மிரக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' படத்தைப் பாருங்கள். தான்தான் சாண்டா கிளாஸ் என்று சொல்லும் பெரியவர் மேல் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. தபால் நிலையத்தில் கடிதம் பிரித்துக்கொண்டிருக்கும் ஒரு ஊழியர், சாண்டாவின் பெயருக்கு வந்து தேங்கிக் கிடக்கும் கடிதங்களை எல்லாம் அந்த நீதிமன்றத்துக்கே அனுப்பிவிடலாமே என்கிறார். வழக்கே அதில்தான் திரும்புகிறது. அந்த ஊழியர் ஆல்பர்ட்சன். வந்து போவது கொஞ்ச நேரம். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. அதே படத்தில் நீதிபதிக்கு அரசியல் புத்தி சொல்லும் வில்லியம் ஃப்ராலியும் வாட்வில்லில் பாடி ஆடியவர்தான்.

ஆல்பர்ட்சனுக்கு உரிய இடம் கிடைக்க இன்னும் பதினேழு வருஷம் ஆயிற்று. 1964-இல் 'த சப்ஜெக்ட் வாஸ் ரோசஸ்' நாடகத்தில், போரிலிருந்து வீடு திரும்பிய மகனோடு ஒட்டவும் முடியாமல் விலகவும் முடியாமல் தவிக்கும் தகப்பன் வேடம். அதற்கு டோனி விருது. 1968-இல் அதே நாடகம் படமானபோது அதே வேடத்துக்கு ஆஸ்கர். மகனாக நடித்தவர் மார்ட்டின் ஷீன். இதில் ஆல்பர்ட்சன் பேசும் இடங்களை விட, மகன் பேசும்போது அவர் கேட்டுக்கொண்டிருக்கும் இடங்கள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. மேடையில் பக்கத்து ஆளின் பதிலுக்காகக் காத்திருந்து பழகிய முகம் அது.

வயது முதிர்ந்த வாட்வில் கலைஞர்கள் இருவரைப் பற்றிய 'த சன்ஷைன் பாய்ஸ்' நாடகம் 1972-இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைக்கு வந்தபோது அந்த இருவரில் ஒருவராக நடித்தார். 'சிக்கோ அண்ட் த மேன்' தொலைக்காட்சித் தொடருக்காக 1976-இல் எம்மி வாங்கினார். 1981 நவம்பரில் காலமானார்.

ஆசிரியர் அவர்களே, 1947-இல் விட்டுப்போன பெயர் அது. அடுத்த இதழில் இரண்டு வரி இடம் ஒதுக்கி, அந்தப் படத்தை மறுபடியும் போட்டு, கீழே ஜாக் ஆல்பர்ட்சன் என்று அச்சிடுங்கள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகி,
தஞ்சாவூர்