மெஸ் அக்காவும் உங்கள் பைனான்சியர்தான்

மலையில் படம் எடுக்க வரும் சுயாதீன இயக்குநர்களுக்கு, கோத்தகிரியிலிருந்து வணக்கம்.

பதினாறு வருடமாக இங்கே ஷூட்டிங்குக்கு இடம் பார்த்துக் கொடுக்கிறேன். வீடு, ஜீப், சாப்பாடு, ஆள், அனுமதிக் கடிதம் எல்லாம் என் வழியாகத்தான். நூற்றைம்பது பேரோடு வந்த கம்பெனிகளும் உண்டு, ஒரே கேமராவோடு ஒன்பது பேராக வந்தவர்களும் உண்டு. இது அந்த ஒன்பது பேருக்கு.

போன மாதம் மெஸ் நடத்தும் அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டை என்னிடம் நீட்டினார். டிபன் 11, டீ 38, வர்க்கி 1 கிலோ என்று பதினான்கு நாள் கணக்கு. டீ விழுந்து ஒரு பக்கம் பழுப்பாகியிருந்தது. கடைசியில் பாக்கி 18,640 ரூபாய். படத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. தலைப்பில் ‘கண்ணாடி போட்ட தம்பி’ என்று எழுதியிருந்தார். அந்தத் தம்பி ஒரு பேட்டியில், யாரிடமும் கை நீட்டாமல் படத்தை முடித்ததாகச் சொன்னார். நானும் பார்த்தேன்.

நீட்டியிருக்கிறீர்கள் தம்பி. அக்காவிடம், ஜீப்காரரிடம், வீடு கொடுத்தவரிடம். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, நன்றி கார்டில் பெயரும் கிடையாது.

சினிமாவில் பணம் போடுகிறவர் சும்மா போடுவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். பிலிம் காலத்தில் பைனான்சியர், பிரிண்ட் போடும் லேபிடமிருந்து ‘லேப் லெட்டர்’ என்று ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்வார். அவர் சரி என்று சொல்லாமல் பிரிண்ட் வெளியே வராது. இப்போது டிஜிட்டல், ஆனால் பிடி அதே பிடிதான். வியாழக்கிழமை ராத்திரி பணப் பஞ்சாயத்து முடியவில்லை என்றால் வெள்ளிக்கிழமைக் காட்சிக்கு கே.டி.எம். போகாது, அதாவது தியேட்டரில் படத்தைத் திறக்கும் டிஜிட்டல் சாவி. டிஜிட்டல் திரையிடல் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று 2018 மார்ச்சில் தயாரிப்பாளர்கள் புதுப் படங்களையே நிறுத்திப் போராடினார்கள். அவர்களால் நிறுத்த முடிந்தது. அக்கா எதை நிறுத்துவார்? அவர் கையில் இருப்பது நோட்டு ஒன்றுதான்.

“ரிலீஸ் ஆனதும் தருகிறேன்” என்கிறீர்கள். டிக்கெட் பணத்தில் முதலில் வரி போகும், பிறகு தியேட்டர் பங்கு, விநியோகஸ்தர் கமிஷன், போஸ்டர் செலவு, அப்புறம் பைனான்சியரின் அசலும் வட்டியும். அதற்கும் பின்னால் நீங்கள். உங்களுக்கும் பின்னால் எங்கள் ஜீப். சிலர் அரசு மானியம் 7 லட்சம் வரட்டும் என்பார்கள். படம் வெளியாகி, தேர்வுக் குழு பார்த்து, அப்புறம்தானே அது? அதுவரை அக்கா மளிகைக் கடைக்கு என்ன பதில் சொல்வது?

நீங்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை. பலரும் மலையேறிப் பார்க்காமல் சமவெளியில் உட்கார்ந்தே பட்ஜெட் போடுகிறீர்கள், அதில்தான் கோளாறு. கோத்தகிரியில் மதியம் இரண்டு மணிக்கு மூடுபனி ஏறினால் பத்தடி தள்ளி நிற்கும் நடிகர் தெரிய மாட்டார். காலையில் எடுத்த பாதிக் காட்சி வெயிலில் இருக்கும். மீதிக்கு யூனிட்டே டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அன்றைக்கும் ஜீப் வாடகை உண்டு, ஜெனரேட்டர் வாடகை உண்டு, முப்பத்தெட்டு டீயும் உண்டு. பத்து நாள் திட்டம் பதினான்கு நாளாவது இப்படித்தான். ஜூலையில் கூடலூர்ப் பக்கம் மழை கொட்டும்போது எங்கள் பக்கம் வானம் வெளுத்துக் கிடக்கும். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை எங்களைத்தான் பிடிக்கும். தேதி குறிக்கும் முன் ஒரு போன் போட்டால் இதைச் சொல்ல நான் காசு கேட்பதில்லை.

கோடையில் வராதீர்கள். அரசுப் பூங்காக்களில் சீசன் நேரத்தில் படப்பிடிப்புக்கு அனுமதி கிடைக்காது. நீலகிரிக்குள் வரும் வெளி வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் நாளொன்றுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பே வைத்தது. டி.என். 43 என்று பதிவான உள்ளூர் வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. இங்கே தடை செய்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பெட்டி பெட்டியாக ஏற்றி வந்து சோதனைச் சாவடியில் பறிகொடுப்பதும் வேண்டாம்.

சாப்பாட்டுக் காசையும் பேட்டாவையும் அன்றன்றே கொடுத்துவிடுங்கள். அதற்குக் கையில் பணம் இல்லையென்றால் இரண்டு நாள் குறைத்து எடுங்கள், கதை ஒன்றும் செத்துவிடாது. வாடகையில் பாதியைப் பிறகு தருவதானால் பரவாயில்லை, ஆனால் ஒரு வெள்ளைத் தாளில் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், ஓ.டி.டி.க்கு விற்றால் அதிலிருந்து முதலில் யாருக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நாங்களும் பைனான்சியர்தான் என்றால் எங்களுக்கும் ஒரு லெட்டர் வேண்டாமா?

என் அப்பா ஊட்டி இந்து நகர் பிலிம் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். 1960-ல் தொடங்கிய அரசு நிறுவனம் அது. சினிமா பார்க்கவே போகாத மனிதர், ஆனால் எங்கள் வீட்டு அரிசி பல வருடம் பிலிம் சுருள் காசில் வாங்கியதுதான். பிறகு அதையும் மூடிவிட்டார்கள், அது வேறு கதை.

பிப்ரவரியில் வெளிச்சம் நன்றாக இருக்கும், வாருங்கள். அக்கா கடையில் ஜிபே அட்டை ஒட்டியிருக்கிறது, ஆனால் மழை பெய்தால் சிக்னல் நிற்காது. கையில் கொஞ்சம் ரொக்கமாகவும் கொண்டு வாருங்கள்.