அறுத்த வலைக்குக் காசு எப்போது வரும்?

கடல்பசுக் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையையொட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலைக் காப்பகமாக அறிவித்தீர்கள். அந்தக் கதையெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் எழுதுவது என் சித்தப்பாவின் வலையைப் பற்றி.

போன மாசியில் அவருடைய திருக்கை வலையில் ஒரு ஆவுளியா, அதாவது உங்கள் கடல்பசு, மாட்டியது. விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது, சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்காவிட்டால் அது செத்துவிடும். சிக்கெடுக்க நேரமில்லாமல் வலையை அறுத்துவிட்டார். அது தப்பிப் போய்விட்டது, வட்டிக்கு வாங்கிய வலையில் பாதியும் போய்விட்டது. மறுநாள் ஓர் அலுவலகத்தில் போய்ச் சொன்னால், அறுத்ததற்குப் படம் இருக்கிறதா என்று கேட்டார்களாம். நடுராத்திரி, ஒரு கையில் கத்தி, ஒரு கையில் வலை. அடுத்த முறை ஆவுளியாவைக் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லிப் படம் எடுத்துவிடுகிறோம்.

மறுபடி மாட்டினால் அறுப்பீர்களா என்று அவரிடம் கேட்டேன். பதிலே இல்லை. அறுத்தால் கடன், செத்துப்போனால் வழக்கு. அப்புறம் செத்ததை யார் வந்து உங்களிடம் சொல்வார்கள்? சத்தமில்லாமல் கடலிலேயே விட்டுவிடுவார்கள். மூன்று முதல் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி போடுகிற உயிர் அது. அறுத்த வலைக்குக் காசு கொடுப்பது உங்களுக்கு அவ்வளவு பெரிய செலவா?

இதில் இன்னொன்று. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைமடிப் படகு வரக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் அது வருகிறது, ஆவுளியா மேய்கிற கடல்தாழைப் புல்லை வேரோடு வாரிக்கொண்டும் போகிறது. அதைத் தடுக்க ஆள் இல்லை, படகு இல்லை, டீசல் இல்லை. மேடை போட்டுப் பொன்னாடை போர்த்த மட்டும் எல்லாம் இருக்கிறது. பொன்னாடையில் மீன் பிடிக்க முடியுமா என்று சித்தப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

சரி, எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான். ஆவுளியாவுக்காக வலையை அறுத்தவருக்கு அந்த வலையின் விலையை அந்த வாரமே கொடுங்கள். படம் வேண்டாம், கூடப் போன இரண்டு பேரின் சாட்சி போதும் என்று வையுங்கள். ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்பே ஓர் உத்தரவு போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு நாட்டுப்படகு வீட்டுப் பிள்ளை