லூக்வார்மில் இருப்பது லூக்கா இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், வெதுவெதுப்பான என்று பொருள்படும் 'லூக்வார்ம்' (lukewarm) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தந்திருந்த விளக்கத்தைப் படித்தேன். விவிலியத்தில் வரும் லூக்கா (ஆங்கிலத்தில் லூக்) மருத்துவராம், நோயாளிகளுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்தாராம், அதிலிருந்து வந்த சொல்லாம். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது.

இடைக்கால ஆங்கிலத்தில் 'லூக்' என்றாலே வெதுவெதுப்புதான். 14ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அதோடு 'வார்ம்' ஒட்டிக்கொண்டது, நாம் 'நடு சென்டர்' என்கிறோமே, அந்த மாதிரி. அப்புறம் தனி லூக் பொது வழக்கிலிருந்து போய்விட்டதால், மிச்சம் இருப்பது ஏதோ ஆள் பெயர் போலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இதே பொருள் தரும் இன்னொரு சொல் 'டெப்பிட்', அது லத்தீன். வடமொழியின் தபஸும் அதே வேரில் வந்தது, அங்கிருந்துதான் நம்முடைய தவமும் தாபமும். (உடனே வெப்பமும் டெப்பிட்டும் ஒன்று என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், வெயில், வெந்நீர், வெதுவெதுப்பு எல்லாம் நம் சொந்தக் குடும்பம்.) ரோமானியக் குளியல் கூடங்களில் குளிர்ந்த அறைக்கும் சூடான அறைக்கும் நடுவே உடம்பைப் பழக்க ஓர் அறை உண்டு, பெயர் டெப்பிடேரியம். எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பேயில் அப்படி ஓர் அறையில் வக்குலா என்பவர் கொடுத்த வெண்கலக் கணப்பு கிடைத்திருக்கிறது. வக்குலா என்றால் லத்தீனில் சின்னப் பசு, மனிதர் குறும்பாகக் கணப்பிலேயே ஒரு பசு உருவத்தை வைத்திருக்கிறார். துணுக்கு வேண்டுமென்றால் இதைப் போட்டிருக்கலாமே!

பொருள் திரிந்த கதையும் சுவையானது. டச்சு மொழியில் லூக்கின் உடன்பிறப்புச் சொல்லுக்கு இன்று 'ஜாலியான', 'நல்லாயிருக்கு' என்று அர்த்தம். ஆங்கிலத்திலோ அரைமனது, ஆர்வமின்மை. இதில் விவிலியத்துக்குப் பங்கு உண்டு: வெளிப்படுத்தின விசேஷம் 3ஆம் அதிகாரத்தில், குளிருமின்றி அனலுமின்றி வெதுவெதுப்பாக இருப்பதால் வாந்திபண்ணிப்போடுவேன் என்று லவோதிக்கேயா சபைக்குக் கிடைத்த திட்டு. இன்றைய துருக்கியில் இருந்த ஊர் அது. பக்கத்து எராப்போலியில் வெந்நீர் ஊற்று, கொலோசெயில் குளிர்ந்த தண்ணீர், நடுவில் வெதுவெதுப்பான தண்ணீரோடு மாட்டிக்கொண்டது இவர்கள்தான் என்று உரையாசிரியர்கள் விளக்குவதுண்டு.

தமிழ் விவிலியத்தில் அந்த இடத்தில் வெதுவெதுப்பு பொருந்துகிறது, வாயில் வைத்த தண்ணீரைப் பற்றிய பேச்சு என்பதால். ஆனால் உங்கள் வணிகப் பக்கத்தில் ஒரு பங்கு வெளியீட்டுக்கு, லூக்வார்மை அப்படியே பெயர்த்து 'வெதுவெதுப்பான வரவேற்பு' என்று தலைப்பு வைத்திருந்தீர்களே, அது எப்படிச் சரி? மார்கழிக் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்கிறவருக்கு அது சுகமான சொல். தலைப்பை மட்டும் பார்க்கிறவர் பங்குக்கு நல்ல கிராக்கி என்றுதான் நினைப்பார், உள்ளே போனால் பாதிகூட விற்கவில்லை என்று செய்தி. 'மந்தமான வரவேற்பு' என்று தினமும் நீங்களே எழுதுவதுதானே, அன்றைக்கு மட்டும் என்ன ஆயிற்று?

இப்படிக்கு,
ஒரு வாசகர், நாகர்கோவில்